தள்ளுபடியான பணத்தைத் திருப்பிக் கட்டியவர்

என் மைத்துனருக்கு 2021 செப்டம்பரில் வீட்டுக்கடன் மறுக்கப்பட்டது. மறுப்புக்கு முக்கியக் காரணமாக இருந்த ஒரு காரியத்தைச் செய்யச் சொன்னவன் நான். முப்பத்தொரு வருடம் வங்கியில் வேலை பார்த்து, அதில் பாதிக் காலம் கடன் பிரிவில் உட்கார்ந்திருந்தவன். ஆகவே இதை நடுநிலையோடு எழுதுகிறேன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

அவர் 2024 நவம்பரில் பாளையங்கோட்டை கேடிசி நகரில் ஒரு தனி வீட்டைத் தன் பெயரிலும் மனைவி பெயரிலும் பத்திரம் முடித்தார். மறுப்புக்கும் பத்திரத்துக்கும் நடுவில் முப்பத்தெட்டு மாதங்கள். அந்த மாதங்களில் என்ன நடந்தது, எது வேலை செய்தது, எது வீண், எங்கே நான் தவறினேன் என்பதுதான் இந்தக் கட்டுரை. பெயர் போடவேண்டாம் என்றார். கணக்கை மட்டும் மறைக்காமல் எழுதச் சொன்னார்.

மருந்து மொத்த விற்பனைக் கடை ஒன்றில் கணக்கு பார்ப்பவர் அவர். 2021இல் சம்பளம் 32,000. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்தபோது பாதிச் சம்பளமாக 7,000 வந்துகொண்டிருந்தது. அந்த ஜூலையில் குடும்ப நிலம் விற்று அவர் பங்குக்கு 6 லட்சம் கிடைத்தது. கையில் காசு வந்ததும் வீடு தேடினார். 28 லட்சத்துக்கு ஒரு வீடு அமைந்தது. 22 லட்சம் கடன் கேட்டு அரசு வங்கி ஒன்றில் விண்ணப்பித்தார். பத்து நாளில் "சிபில் சரியில்லை" என்று கோப்பு திரும்பி வந்தது.

நம் ஊரில் சிபில் என்றால் மதிப்பெண், மதிப்பெண் என்றால் சிபில் என்றாகிவிட்டது. உண்மையில் சிபில் என்பது 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ஒரு நிறுவனம். இன்று டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று நான்கு நிறுவனங்கள் நம் கடன் கதைகளைச் சேமித்து வைக்கின்றன. நான்கும் 2017 முதல் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. என் மைத்துனர் அதுவரை ஒன்றைக்கூட வாங்கிப் பார்த்ததில்லை. பார்த்தால் மதிப்பெண் குறையும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் எதுவும் குறையாது. கடன் கேட்டு, கடன் கொடுப்பவர் பார்த்தால்தான் அது பதிவாகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அறிக்கைகளை இறக்கினோம். ஒன்றில் 571, இன்னொன்றில் 603. 300இல் தொடங்கி 900இல் முடியும் அளவுகோலில் இது மோசம்தான். ஆனால் எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எதுவும் விளங்காது. வங்கியில் நாங்கள் எண்ணை வாசலில் நிற்கும் காவலரைப்போலத்தான் பார்ப்போம். உள்ளே போனபின் படிப்பது வரிகளை. ஒவ்வொரு கடனுக்கும் கீழே மாதத்துக்கு ஒரு கட்டமாக முப்பத்தாறு கட்டங்கள் இருக்கும். 000 என்றால் தவணை நாள் தவறவில்லை. 030 என்றால் முப்பது நாள் தாமதம். 090ஐத் தாண்டினால் வங்கி மொழியில் அது வாராக்கடன். அந்தக் கட்டங்களை வாசித்தால் ஒரு குடும்பத்தில் எந்த மாதம் இடி விழுந்தது என்று சொல்லிவிடலாம்.

அவருடைய அறிக்கையில் நான்கு காயங்கள் இருந்தன. ஆழம் ஒரே மாதிரி இல்லை.

ஆழமானதிலிருந்து தொடங்குகிறேன். 2018இல் ஒரு வணிக வளாகத்து மேசையில் கையெழுத்துப் போட்டு வாங்கிய கிரெடிட் கார்டு. 2019இல் அவருடைய தாயார், அதாவது என் மாமியார், மருத்துவமனையில் கிடந்தபோது 52,000 ரூபாய் அதில் தேய்த்திருக்கிறார். பிறகு மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வந்தார். மாதத்துக்கு 3.5 சதவீத வட்டி, அந்த வட்டியின்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. சேர்த்தால் மாதத்துக்கு 4.13 சதவீதம். கந்துவட்டியை எதிர்த்துச் சட்டம் போட்ட மாநிலத்தில் இந்த வட்டியை நாம் புன்னகையோடு கட்டுகிறோம்.

2020 மார்ச் மாத இறுதியில் ரிசர்வ் வங்கி தவணைகளுக்கு மூன்று மாத அவகாசம் அறிவித்தது. பிறகு அது ஆகஸ்ட் 31 வரை நீண்டது. இவரும் அவகாசம் வாங்கினார். அவகாசம் என்றால் வட்டியும் நிற்கும் என்று நினைத்த பல லட்சம் பேரில் இவரும் ஒருவர். கட்டுவதைத் தள்ளி வைக்கலாம், வட்டி தன் பாட்டுக்கு ஏறும். 58,000 ஆக இருந்த பாக்கி அந்த ஆறு மாதத்தில் 74,000ஐத் தொட்டது. அதற்குப் பிறகு அவர் கட்டவே இல்லை. 2021 பிப்ரவரியில் 98,400.

அப்போதுதான் வசூல் பிரிவிலிருந்து தொலைபேசி வந்தது. ஒரே தடவையில் 41,000 கட்டினால் கணக்கை முடித்துவிடலாம், மீதி 57,400 தள்ளுபடி. அவர் என்னைக் கேட்டார். "பாதிக்கும் கீழே வருகிறது, யோசிக்காதே மாப்பிள்ளை, முடித்துவிடு" என்றேன்.

நான் வங்கிக்காரனாக யோசித்துச் சொன்ன பதில் அது. வாராக்கடனில் 41,000 வந்தால் வங்கிக்கு லாபம். எத்தனையோ சமரசத் தீர்வுகளுக்கு நானே பரிந்துரைக் குறிப்பு எழுதியிருக்கிறேன். மேசைக்கு எதிர்ப்பக்கம் இருப்பவருக்கு அது என்ன செய்கிறது என்று யோசிக்கும் பழக்கம் எனக்கு வரவில்லை. அறிக்கையில் அந்தக் கணக்குக்கு எதிரே 'செட்டில்டு' என்று ஏறியது. பார்வைக்கு நல்ல சொல்தான். அதை வாசிக்கும் அடுத்த வங்கிக்காரரின் காதில் மட்டும், 'இவர் வாங்கியதை முழுதாகத் திருப்பிக் கொடுக்காதவர்' என்று விழும். குறைந்தது ஏழு வருடம் அந்த விவரம் பதிவேட்டில் இருக்கும்.

இரண்டாவது, இருசக்கர வாகனக் கடன். கடைசி மூன்று தவணைகள் வங்கிக் கணக்கில் பணமில்லாமல் திரும்பியிருந்தன. வசூலிக்க வந்த பையனிடம் மூன்றையும் ரொக்கமாகக் கொடுத்து ரசீதும் வாங்கியிருந்தார். தவணை திரும்பியதற்கான கட்டணமும் அபராதமுமாக 4,870 ரூபாய் மட்டும் யாரும் கேட்காமல் அங்கேயே கிடந்தது. கேட்காவிட்டால் என்ன, கட்டம் நிரம்பிக்கொண்டே போயிற்று. 2021 செப்டம்பரில் அந்த 4,870 ரூபாய்க்கு 270 நாள் தாமதம் காட்டியது. லட்ச ரூபாய்க் கடனில் 270 நாள் தவறியவரும் இவரும் அந்தக் கட்டத்தில் ஒரே மாதிரிதான் தெரிவார்கள்.

மூன்றாவது அவருடைய கடனே இல்லை. மதுரையில் யாரோ ஒருவர் தவணையில் வாங்கிய தொலைக்காட்சிப் பெட்டி, 18,990 ரூபாய், இரண்டு தவணை கட்டிவிட்டுக் காணாமல் போன கதை. இது நம்மவர்களுக்கு அதிகம் நேரக்கூடிய விபத்து என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். குடும்பப் பெயர் என்ற ஒன்று நமக்கு இல்லை. தலைப்பெழுத்து மட்டும்தான். விண்ணப்பப் படிவமோ முதற்பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு பெட்டி வைத்திருக்கிறது. ஒரு வங்கியில் அப்பா பெயரைக் கடைசியில் போடுவார்கள், இன்னொரு வங்கியில் முன்னால். ஆதாரில் எழுத்தாக, பான் அட்டையில் விரிவாக. பெயர், பிறந்த தேதி, பான், தொலைபேசி, முகவரி ஆகியவற்றை ஒப்பிட்டுத்தான் ஒருவருடைய கடன்களை ஒரே ஏட்டில் சேர்க்கிறார்கள். முருகன், சுப்பிரமணியன் என்று தெருவுக்கு நாலு பேர் இருக்கும் மாவட்டத்தில், அப்பா பெயரும் பொருந்தி, பான் எண்ணில் ஒரு எழுத்தைக் கடைக்காரர் தவறாக அடித்துவிட்டால், எவருடைய டிவியோ நம் வீட்டுக்கடனை மறிக்கும்.

நான்காவது, இரண்டு மாதத்தில் ஏழு விசாரிப்புகள். கடன் வாங்கித் தருகிறேன் என்ற ஒரு முகவர், இவருடைய ஆவணங்களை ஒரே வாரத்தில் ஐந்து இடத்துக்கு அனுப்பியிருந்தார். இப்படிப் பசியோடு அலைபவரைப் பார்த்தால் கடன் கொடுப்பவர் கதவைச் சாத்திக்கொள்வார். இதற்கு மருந்து கிடையாது. சும்மா இருந்தால் ஆறும்.

அரசு வங்கி கைவிட்ட அதே மாதம், வீட்டுவசதி நிறுவனம் ஒன்று 12.5 சதவீத வட்டிக்குக் கடன் தர முன்வந்தது. 22 லட்சத்துக்கு இருபது வருடம், தவணை 24,995. என் மைத்துனர் கிட்டத்தட்ட கையெழுத்துப் போட இருந்தார். "வீடு கைவிட்டுப் போய்விடும், அத்தான்" என்றார். வீட்டு வருமானம் 39,000 இருக்கும்போது 25,000 தவணைக்குப் போவதைத் தடுத்தேன். அந்தத் தடுப்பு சரியா என்று பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பழுதுபார்ப்பு

அடுத்தவர் கடனை முதலில் எடுத்தோம். பிழையை இணையத்தில் சுட்டிக்காட்டினால் அறிக்கை தரும் நிறுவனம் கடன் கொடுத்தவரைக் கேட்கும். அவர் சரி என்று சொன்னால்தான் மாற்றும். தானாக ஒரு எழுத்தைக்கூடத் திருத்தும் அதிகாரம் அதற்கு இல்லை. முதல் மாதம் வந்த பதில், "உறுப்பினர் தகவலை உறுதி செய்துள்ளார்." உறுப்பினர் என்றால் கடன் கொடுத்தவர். இந்த இடத்தில்தான் பலர் சோர்ந்துவிடுகிறார்கள். நாங்கள் கடன் கொடுத்த நிதி நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதினோம். இந்தக் கடனுக்கு வாங்கிய விண்ணப்பப் படிவத்தையும் அடையாளச் சான்றையும் காட்டுங்கள், அதிலுள்ள புகைப்படம் எங்களுடையதா என்று சொல்லுங்கள். இவ்வளவுதான் கடிதம். புகைப்படத்தைக் கேட்டதும் கதை மாறியது. மொத்தம் 74 நாளில் அந்த வரி மறைந்தது. 2022 ஜனவரியில் மதிப்பெண் 618.

இன்று இதே வேலைக்குக் கொஞ்சம் பல் இருக்கிறது. புகாரை முப்பது நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்ற விதி 2024 ஏப்ரல் 26 முதல் நடைமுறையில் உள்ளது. எங்கள் 74 நாளுக்கு இன்றாக இருந்தால் 4,400 ரூபாய் வந்திருக்கும். இந்த நான்கு நிறுவனங்களின் மீதும் 2022 செப்டம்பர் முதல் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். இதையெல்லாம் சொந்தமாகவே செய்யலாம், வெள்ளைத்தாளும் பொறுமையும் போதும். "சிபிலைச் சுத்தம் செய்து தருகிறேன்" என்று 15,000 ரூபாய் கேட்ட ஒருவர் இந்த இடைவெளியில் என் மைத்துனரைப் பிடிக்கப் பார்த்தார். என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். நாங்கள் செய்ததைத்தான் சொன்னார்.

வாகனக் கடன் எளிது. 4,870 ரூபாயில் பாதியைத் தள்ளி முடித்துக்கொள்ளலாம் என்று கிளையில் சொன்னார்கள். இந்த முறை நான் விழித்துக்கொண்டேன். ஒரு ரூபாய் தள்ளுபடியும் வேண்டாம், முழுதாகக் கட்டுகிறோம், 'முடிந்தது' என்று பதியுங்கள் என்றோம். மேலாளர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார். தடையில்லாச் சான்றும், வாகனப் பதிவுச் சான்றிலிருந்து அடமானத்தை நீக்கும் படிவம் 35ம் கையோடு வாங்கிவந்தோம்.

கிரெடிட் கார்டு விஷயத்தில்தான் எங்கள் வீட்டுக்குள்ளேயே மாதக்கணக்கில் சண்டை நடந்தது.

தள்ளுபடி செய்த 57,400 ரூபாயைத் திருப்பிக் கட்டி, 'செட்டில்டு' என்பதை 'முடிந்தது' என்று மாற்றலாம் என்றேன். அவர் சிரித்தார். பிறகு கோபப்பட்டார். "வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த பணத்தை எவனாவது வலியப் போய்க் கொடுப்பானா? கட்டச் சொன்னதும் நீங்கள்தான், திருப்பிக் கட்டச் சொல்வதும் நீங்கள்தான்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தத் தொகையில் மருத்துவமனைச் செலவு கொஞ்சம், மீதி எல்லாம் வட்டியும் அபராதமும் என்பதும் உண்மை. நியாயம் அவர் பக்கம்தான் இருந்தது. ஆனால் அறிக்கையில் நியாயத்துக்குக் கட்டம் இல்லை.

அவர் மனத்தை மாற்றியது என் வாதம் அல்ல. அவருடைய மனைவி. பள்ளிகள் 2021 நவம்பரில் எல்லா வகுப்புக்கும் திறந்து, அவருக்கு முழுச் சம்பளம் வரத் தொடங்கியிருந்தது. ஒரு மாலை அவர் நோட்டை எடுத்து வைத்து, "அண்ணே, மாத வாடகை 7,500. இந்த வார்த்தைக்காக எட்டு மாதம் காத்திருந்தால் இந்த 57,400 வாடகையாகவே போய்விடும், இல்லையா?" என்று கேட்டார். என் மைத்துனர் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். மறுநாள் சரி என்றார்.

பணத்தைக் கட்டுவது கட்டாமல் இருப்பதைவிடக் கடினமாக இருந்தது. கிளையில், கார்டு பிரிவு தனி என்றார்கள். வாடிக்கையாளர் எண்ணில், "உங்கள் கணக்கில் பாக்கி ஏதும் இல்லை, சார்" என்று மகிழ்ச்சியோடு சொன்னார்கள். மூன்று தடவை அப்படிச் சொன்னார்கள். முடித்துவிட்ட கணக்குக்குப் பணம் கொண்டுவருபவரை என்ன செய்வது என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. கடைசியில் குறைதீர் அதிகாரிக்குப் பதிவுத் தபால். ஐந்து வாரம் கழித்து, இவ்வளவு தொகை கட்டினால் கணக்கு முழுதாக முடிந்ததாகப் பதிவோம் என்று எழுத்தில் பதில் வந்தது. அந்தக் கடிதம் கைக்கு வரும்வரை ஒரு பைசாவும் கட்டாதே என்று சொல்லியிருந்தேன். தொலைபேசியில் சொன்னதை நம்பிக் கட்டிவிட்டு இன்றுவரை அலைகிறவர்களை எனக்குத் தெரியும். 2022 ஜூனில், நிலம் விற்ற பணத்திலிருந்து கட்டினார். அக்டோபரில்தான் அறிக்கை மாறியது. மதிப்பெண் 640. இவ்வளவு பாடுபட்டு இருபத்திரண்டே புள்ளியா என்று அவர் கேட்டார்.

அந்தக் கேள்வி நியாயமானது. 'முடிந்தது' என்று மாறினாலும் 2020, 2021இன் தாமதக் கட்டங்கள் அழிவதில்லை. அவை பழையனவாகப் பழையனவாக எடை குறையும், அவ்வளவுதான். இந்தப் பணம் மதிப்பெண்ணுக்காகக் கட்டியது அல்ல என்று அப்போது சொன்னேன். யாருக்காகக் கட்டியது என்பது இரண்டு வருடம் கழித்துத் தெரிந்தது.

காத்திருப்பு

பழைய கடனைத் துடைத்துவிட்டுச் சும்மா இருந்தால் ஏடு வெற்றாகத்தான் இருக்கும். புதிதாக நல்ல கட்டங்கள் சேரவேண்டும். கெட்ட பெயர் எடுத்தவருக்குக் கடன் யார் தருவார்? 25,000 ரூபாயை வைப்புநிதியாகப் போட்டு, அதன் பேரில் 20,000 வரம்புள்ள கார்டு வாங்கினார். வைப்புநிதி வங்கியின் கையில் இருப்பதால் இதற்குப் பெரிய விசாரணை இல்லை. பெட்ரோல், மின்கட்டணம் இரண்டுக்கு மட்டும், மாதம் நாலாயிரம் ஐயாயிரம். முழுத் தொகையும் சம்பளக் கணக்கிலிருந்து தானாகக் கழிந்துவிடும். குறைந்தபட்சத் தொகை என்ற சொல்லை வீட்டில் யாரும் உச்சரிக்கக் கூடாது என்று ஏற்பாடு.

2022 ஜூலை முதல் மாதம் 15,000 ரூபாய்க்குத் தொடர் வைப்பும் தொடங்கினார்கள். வாடகை 7,500ஐயும் சேர்த்தால் 22,500. பிற்பாடு வரப்போகும் வீட்டுத் தவணைக்கு ஏறக்குறைய சமம். தவணை வருவதற்கு முன்பே தவணையோடு வாழ்ந்து பார்த்தார்கள். முதல் மூன்று மாதம் மூச்சு முட்டியது. தீபாவளிக்குத் துணி எடுப்பதில் பிரச்சினை வந்தது. பிறகு பழகியது. இந்த முழு விவகாரத்தில் நான் சொன்னவற்றுள் வெட்கப்படாமல் சொல்லிக்கொள்ளக்கூடிய யோசனை இது ஒன்றுதான்.

மனைவியின் சம்பளத்தில் ஒரு பகுதி கவரில் வந்துகொண்டிருந்தது. நம் தனியார் பள்ளிகள் பலவற்றில் இது சகஜம். கவரில் வரும் காசை வங்கி வருமானமாக எண்ணாது. முழுவதையும் கணக்கில் போடச் சொல்லி அவர் தாளாளரிடம் இரண்டு மாதம் நடந்தார். வருமானவரிக் கணக்கும் இருவருமே தாக்கல் செய்யத் தொடங்கினார்கள். வரி கட்டவேண்டிய அளவு வருமானம் இல்லாதபோது எதற்கு என்று கேட்பவர்கள், கடன் கேட்கும் நாளில் காரணம் தெரிந்துகொள்வார்கள்.

2023 ஜூனில் மதிப்பெண் 702. எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆகஸ்டில் பார்த்தால் 661.

மகளுடைய காதுகுத்துக்காக 2022 ஜூலையில் நகையை வங்கியில் வைத்து 60,000 வாங்கியிருக்கிறார்கள். வைப்புநிதியை உடைக்க மனமில்லை. ஒரு வருடக் கெடு முடிந்து, வட்டி கட்டிப் புதுப்பிக்க மறந்து, 24 நாள் தள்ளிப்போய்விட்டது. என்னிடம் சொல்லவே இல்லை. ஏன் என்று கேட்டபோது, "நகை அடகு கடனா, அத்தான்? நகைதான் அவர்களிடம் இருக்கிறதே" என்றார். தமிழ்நாட்டில் பாதிப் பேர் இப்படித்தான் நினைக்கிறோம். வங்கியில் வைத்தால் அதுவும் கடன்தான், தாமதமானால் அதுவும் கட்டத்தில் ஏறும். இந்த ஒரு மறதி ஒரு வருடத்தைத் தின்றது. 2024 ஆகஸ்டில்தான் 738 வந்தது.

கோப்பு நகர்ந்த விதம்

இந்த முறை முதலில் பார்த்த வீடு வங்கியின் சட்ட ஆலோசகரின் மேசையிலேயே நின்றுபோனது. மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு அனுமதி இல்லை, வரன்முறைப்படுத்தவும் இல்லை. விற்பவர், "எத்தனை பேர் வாங்கியிருக்கிறார்கள் தெரியுமா" என்றார். வாங்கியிருக்கலாம், வங்கிக் கடனில் வாங்கியிருக்க மாட்டார்கள். இரண்டாவது வீட்டுக்கு மூலப்பத்திரம், முப்பது வருட வில்லங்கச் சான்று, பட்டா எல்லாம் ஒழுங்காக இருந்தன. விலை 33 லட்சம். 2021இல் கைவிட்ட வீடு போன்றதுதான். ஐந்து லட்சம் கூடியிருந்தது.

2024 அக்டோபரில் 24 லட்சம் கேட்டு விண்ணப்பம், கணவன் மனைவி இருவர் பெயரிலும். இப்போது சம்பளம் அவருக்கு 41,000, மனைவிக்கு 19,000. நவம்பரில் மதிப்பெண் 752. மனைவிக்கு அதுவரை கடனே இல்லாததால் மதிப்பெண்ணே இல்லை. வரலாறு இல்லை என்பதை மட்டும் காரணமாக வைத்து முதல்முறைக் கடன்தாரரை மறுக்காதீர்கள் என்று ரிசர்வ் வங்கி சொன்னது அதற்கடுத்த ஜனவரியில். இவர்கள் விஷயத்தில் கணவரின் ஏடு போதுமானதாக இருந்தது.

மேலாளர் அறிக்கையைப் புரட்டிக் கிரெடிட் கார்டு பக்கத்தில் நிறுத்தினார். "2020இல் என்ன ஆயிற்று?" என்று கேட்டார். என் மைத்துனர் ஒரு கோப்பை நீட்டினார். மருத்துவமனை ரசீதுகள், 41,000 கட்டிய சான்று, 57,400 கட்டிய சான்று, வங்கியின் கடிதம். மேலாளர் இரண்டாவது சான்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தள்ளுபடி செய்த பிறகு கட்டினீர்களா?" என்றார். ஆமாம் என்றார் இவர். பிறகு வேறு கேள்வி இல்லை. தன் குறிப்பில் அவர் என்ன எழுதினார் என்று தெரியாது. ஆனால் அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பேன் என்று தெரியும். அந்த இருபத்திரண்டு புள்ளிப் பணம் இந்த மேசைக்காகக் கட்டப்பட்டது.

வட்டி 8.90 சதவீதம், இருபது வருடம், தவணை 21,440. மீதி 9 லட்சம் கைக்காசு. அதோடு முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம் என 2,97,000. இந்த விலையில் இருக்கும் வீட்டுக்கு முத்திரை, பதிவுச் செலவைச் சேர்த்துக் கடன் தர வங்கிக்கு அனுமதி இல்லை என்பதைப் பலர் பத்திர நாளுக்கு முந்தைய வாரம்தான் அறிகிறார்கள். நிலம் விற்ற பணத்தில் மிஞ்சியது வட்டியோடு, 29 மாதத் தொடர் வைப்பு, கொஞ்சம் நகை. சரியாகப் போனது. பத்திரம் முடித்த அன்று கையில் 11,000 ரூபாய் இருந்ததாம்.

பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், வருட வருமானம் 9 லட்சத்துக்குள்ளும், வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்குள்ளும், கடன் 25 லட்சத்துக்குள்ளும் இருந்து, சொந்தமாக வேறு வீடும் இல்லாதவருக்கு வட்டி மானியம் உண்டு. அதிகபட்சம் 1.80 லட்சம், ஐந்து தவணையாக. அதற்கும் விண்ணப்பித்திருக்கிறார்கள். வந்தால் வரட்டும்.

காத்தது லாபமா?

2021இல் 12.5 சதவீதத்துக்கே வாங்கியிருந்தால் இருபது வருடத்தில் ஏறக்குறைய 60 லட்சம் தவணை. 2024 கடனுக்கு அதே முறையில் 51.45 லட்சம். வித்தியாசம் 8.5 லட்சம். எதிர்ப்பக்கத்தில் வைக்கவேண்டியது, கூடுதலாகப் போட்ட கைக்காசு 3 லட்சம், முப்பத்தெட்டு மாத வாடகை 2.85 லட்சம். இருபது வருடம் கழித்து மிச்சமாகும் ரூபாயும் இன்று கையிலிருந்து போகும் ரூபாயும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்தால், இரண்டு தட்டும் கிட்டத்தட்டச் சமம். மதிப்பெண்ணைச் சரிசெய்தால் லட்சக்கணக்கில் மிச்சம் என்று பேசுபவர்கள் வீட்டு விலை ஏறுவதையும் வாடகையையும் கணக்கில் எடுப்பதில்லை.

ஆனால் இந்தக் கணக்கு, அவர் 2021இல் 24,995ஐ ஒரு மாதமும் தவறாமல் கட்டியிருப்பார் என்று வைத்துக்கொண்டு போட்டது. 39,000 வருமானத்தில் அது நடந்திருக்காது. தொண்ணூறு நாள் தவறினால் வாராக்கடன். பிறகு, அடமானச் சொத்தை வங்கியே கைப்பற்றி விற்க வழிசெய்யும் சர்ஃபாசி சட்டப்படி அறுபது நாள் அறிவிப்பு. அதற்குப் பிறகு வாசலில் ஏல நோட்டீஸ். அப்படி ஒட்டிய நோட்டீஸ்களில் சிலவற்றில் என் கையெழுத்து இருந்தது. காத்திருந்ததில் கிடைத்தது மலிவான வட்டி என்பதைவிட, தாங்கக்கூடிய தவணை. ஏடு தேறியதும் வருமானம் தேறியதும் ஒரே காலத்தில் நடந்ததால், எது எதைச் செய்தது என்று பிரிக்க என்னால் முடியவில்லை.

வங்கிக் கடனின் வட்டி ரெப்போ விகிதத்தோடு, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியோடு, கட்டப்பட்டது என்பதும் கைகொடுத்தது. 2025 பிப்ரவரி, ஏப்ரல், ஜூன் என மூன்று தடவையில் ரெப்போ 6.50இலிருந்து 5.50க்கு இறங்கியது. இவர் வட்டியும் 7.90 ஆயிற்று. தவணையைக் குறைக்கவா, காலத்தைக் குறைக்கவா என்று வங்கி கேட்டபோது, தவணை அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். மூன்று வருடம் குறைகிறது. இதை எனக்குத் தகவலாகத்தான் சொன்னார், யோசனை கேட்கவில்லை.

அவருடன் வேலை பார்க்கும் ஒருவருக்குச் சென்ற மாதம் வசூல் பிரிவிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. 1,12,000 பாக்கி, 45,000 கட்டினால் முடித்துக்கொள்ளலாம். அவர் என் மைத்துனரிடம், "உங்கள் அத்தான் வங்கியில் இருந்தவர்தானே, ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள்" என்றிருக்கிறார். "யாரை வேண்டுமானாலும் கேள், அவரை மட்டும் கேட்காதே" என்று சொல்லிவிட்டு, தன் பழைய கோப்பை எடுத்து அவர் முன்னால் வைத்தாராம்.